தரை டிக்கெட்காரர் படித்து முடிக்கும் வரை!

டூரிங் டாக்கீஸில் படம் பார்த்தவர்களுக்கு 'ஸ்லைடு' என்ற சொல் புதிதில்லை. படம் தொடங்கும் முன்பும் இடைவேளையிலும் திரையில் அசையாமல் நிற்குமே, அந்தக் கண்ணாடிப் படங்கள்தான். 'நல்வரவு', 'புகை பிடிக்காதீர்' என்று சில அறிவிப்புகள். நடுநடுவே உள்ளூர் நகைக்கடை, ஜவுளிக்கடை, பல்பொடி விளம்பரங்கள்.

கொங்கு நாட்டுக்கும் திரையில் படம் காட்டுவதற்கும் நூறாண்டு தாண்டிய உறவு உண்டு. கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தபோது, 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கினார். கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். பிறகு 1914-ல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அவர் போட்ட பாதையில்தான் அடுத்தடுத்த தலைமுறைகளில் டூரிங் டாக்கீஸ்கள் கிராமங்களைத் தேடி வந்தன.

அப்படி வந்த ஒரு கொட்டகையில், 1960-களின் கடைசியில், ஸ்லைடு மாற்றும் பையனாக வேலை பார்த்தவர் இன்று கணியூரில் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய மகளும் இப்போது ஸ்லைடு ஓட்டுகிறார். கண்ணாடியில் அல்ல, செல்போன் திரையில். அந்த வேலையில் அப்பா மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்று. அப்பாவைப் பற்றி மகள் கண்டுபிடித்தது இன்னொன்று.

ஆறு மெஷின்... ஒரு வெப்சைட்

கணியூர், திருப்பூர் மாவட்டத்தின் தெற்கே, மடத்துக்குளம் தாலுகாவில் இருக்கும் பேரூராட்சி. அமராவதித் தண்ணீர் பாயும் பூமி. கரும்பும் தென்னையும்தான் இந்தப் பக்கத்து அடையாளம். ஆனாலும் திருப்பூர் பனியன் தொழில் தொடாத வீடு என்று இந்த மாவட்டத்தில் எதைச் சொல்ல முடியும்?

மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தவர். வெளிநாட்டு பையருக்கு சாம்பிள் அனுப்புவது, லேப் டிப் பார்த்து ஷேடு சரியா என்று முடிவு செய்வது, ஷிப்மென்ட் தேதிக்குள் சரக்கை முடிக்க ஓடுவது என்று போன எட்டு வருடம். இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டுக் கணியூருக்கு வந்தார். வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஆறு மெஷின்களைப் போட்டார். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் பழைய மெஷின்கள்தான். கடன் வாங்கி வாங்கியவை. ஜப்லா, ஜட்டி, பாப்பா பிராக் தைக்க அக்கம்பக்கத்திலிருந்து ஆறு பெண்கள் வந்தார்கள்.

வேலை இருந்தது. ஆனால் எல்லாம் அடுத்தவருக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க். பீஸுக்கு இத்தனை காசு என்ற கணக்கு. சொந்தமாக ஆர்டர் பிடிக்கலாம் என்று கடைகளுக்குப் போன் செய்தால், எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "வெப்சைட் லிங்க் அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றோம்."

வெப்சைட் செய்து தருபவர்கள் சொன்ன தொகைக்கு ஏழாவது மெஷினே வாங்கிவிடலாம். அதனால் தானே கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தார். தமிழ் மீடியத்தில் படித்தவர். காலேஜில் பி.காம். குழந்தைகள் தூங்கிய பிறகு, பழைய லேப்டாப்பில், யூடியூபில் தமிழில் சொல்லித் தருபவர்களைப் பார்த்து ஆரம்பித்தார். பெயர், முகவரி, போன் நம்பர் உள்ள ஒரு பக்கத்தை ஒரு வாரத்தில் செய்துவிட்டார். துணி வாங்க வருபவர்களுக்கு அது போதாதே! அவர்கள் துணியைப் பார்க்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் படம் மாறிக்கொண்டே இருக்கும் ஸ்லைடுஷோ வேண்டும். அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரிய வேண்டும்.

ஒரு கட்டு, ஒரு எண், ஒரு கடிகாரம்

ஜாவாஸ்கிரிப்ட் என்றதும் பலருக்குப் பயம் வந்துவிடும். அசையாமல் கிடந்த இணையப் பக்கங்களுக்கு உயிர் கொடுக்க, 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் வெறும் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய மொழி அது. அடுத்த ஆண்டே, பக்கத்தில் உள்ள ஒரு படத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை வைக்கும் வசதியும் வந்துவிட்டது. இன்று நீங்கள் திறக்கும் பெரும்பாலான இணையப் பக்கங்களில் அந்த மொழி இருக்கிறது.

ஸ்லைடுஷோவுக்கு அதில் முக்கியமாகத் தேவைப்படுவது மூன்றுதான்.

முதலாவது, படங்களின் பட்டியல். கம்பெனியில் பீஸ்களைக் கட்டுக் கட்டி நம்பர் போடுவது போல, ஐந்து படங்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம், நம்பர் ஒன்றிலிருந்து தொடங்காது, பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஐந்து படம் என்றால் 0, 1, 2, 3, 4.

இரண்டாவது, இப்போது திரையில் இருப்பது எத்தனையாவது படம் என்பதை நினைவில் வைத்திருக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்குரிய படத்தைக் காட்டு, மற்றதை மறை. அவ்வளவுதான் கட்டளை.

மூன்றாவது, ஒரு கடிகாரம். மூன்று நொடிக்கு ஒருமுறை அந்த எண்ணை ஒன்று கூட்டு என்று அதனிடம் சொல்லிவிடலாம். மூன்று நொடியை 3000 என்று எழுத வேண்டும். ஒரு நொடியை ஆயிரம் பங்காகப் பிரித்துத்தான் அது கணக்குப் பார்க்கும்.

கடைசிப் படம் வந்த பிறகு? அங்கேதான் ஐந்தாம் வகுப்புக் கணக்கு உதவிக்கு வருகிறது. எண்ணோடு ஒன்றைக் கூட்டி, மொத்தப் படங்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். நான்குடன் ஒன்று கூட்டினால் ஐந்து. ஐந்தை ஐந்தால் வகுத்தால் மீதி பூஜ்ஜியம். ஆக, மறுபடியும் முதல் படம். திருவிழாவில் குடை ராட்டினம் சுற்றி ஏறிய இடத்துக்கே வருவது போல. இணையத்தில் இந்த மாதிரி ஸ்லைடுஷோவுக்கு 'கரோசல்' என்ற பெயரும் உண்டு. அந்தச் சொல்லுக்கு அர்த்தமே ராட்டினம்தான். 1961-ல் கோடாக் நிறுவனம் வட்டத் தட்டில் ஸ்லைடுகளைச் செருகிச் சுற்றும் புரொஜெக்டரைக் கொண்டுவந்தபோது அதற்கு வைத்த பெயரும் கரோசல். கோடாக் அதைச் செய்வதை 2004-ல் நிறுத்திவிட்டது. பெயர் மட்டும் இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பைத்தியம் பிடித்த படங்கள்

முதல் நாள் படங்கள் அழகாக மாறின. மறுநாள் 'அடுத்தது', 'முந்தையது' என்று இரண்டு பொத்தான்களைச் சேர்த்ததும் வில்லங்கம் ஆரம்பித்தது.

'முந்தையது' பொத்தானை முதல் படத்தில் இருக்கும்போது அழுத்தினால் திரை வெறுமையாகிவிட்டது. பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் மைனஸ் ஒன்று. அப்படி ஒரு நம்பரில் படமே இல்லையே! கழித்த பிறகு படங்களின் எண்ணிக்கையான ஐந்தைக் கூட்டி, அதன்பின் வகுத்து மீதியை எடுத்தால் நான்கு கிடைக்கும், அதாவது கடைசிப் படம். இதைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி போனது.

அடுத்தது இன்னும் வேடிக்கை. பொத்தானை அழுத்த அழுத்த, படங்கள் வேகம் எடுத்தன. நான்கைந்து முறை அழுத்தினால் பைத்தியம் பிடித்தது போல ஓடின. ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிதாக ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியதுதான் காரணம். பழையது நிற்கவே இல்லை. ஐந்து கடிகாரம் சேர்ந்து ஒரே எண்ணைக் கூட்டினால் படம் ஓடாமல் என்ன செய்யும்? புதுக் கடிகாரத்தை ஓட்டும் முன் பழையதை நிறுத்து என்று ஒரே ஒரு வரி எழுதியதும் அடங்கியது.

போனில் எடுத்த படங்களை அப்படியே போட்டதால் பக்கம் திறக்கவே நேரம் பிடித்தது. ஒவ்வொரு படமும் நான்கைந்து எம்.பி. அவற்றைச் சுருக்கி, ஒவ்வொன்றும் 200 கே.பி.க்குள் இருக்குமாறு செய்தார். துணியின் பின்னல் தெரியும் அளவுக்குத் தெளிவு இருந்தது. அது போதும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த அன்று சாயங்காலம், போனை எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் இருந்த அப்பாவிடம் காட்டினார்.

"மூணு செகண்டுல மூக்குக் கண்ணாடிகூட கெடைக்காது"

அப்பா போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"ஏஞ்சாமி, படத்துக்குக் கீழ என்னமோ எழுதியிருக்குதே, அதப் படிக்கறதுக்குள்ள ஓடிப் போயிருச்சே."

"சைசும் துணியும் எழுதியிருக்குதுங்கப்பா. மூணு செகண்டு நிக்குமுங்க."

"மூணு செகண்டுல மூக்குக் கண்ணாடிகூட கெடைக்காது கண்ணு."

பிறகு அவர் சொன்னதுதான் மகள் எந்த வீடியோவிலும் கேட்காத பாடம்.

"எனக்கு வேலை சொல்லிக் குடுத்த ஆபரேட்டர் அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. தரை டிக்கெட்டுல உக்காந்திருக்கறவன் எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கற வரைக்கும் ஸ்லைடுல கை வைக்காதேன்னு. நான் மனசுக்குள்ள ரெண்டு தடவை படிப்பேன். மொதத் தடவை எனக்கு. ரெண்டாவது தடவை அவங்களுக்கு."

அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் அதன் அர்த்தம் புரியும். 1961 சென்செஸ்படி இந்த மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கொட்டகையில் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படிக்க, பக்கத்தில் இருப்பவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். ஸ்லைடு சீக்கிரம் மாறினால் படிப்பவருக்கு மட்டுமல்ல, அவரை நம்பியிருக்கும் நாலு பேருக்கும் நஷ்டம்.

அப்பா இன்னொன்றும் சொன்னார். ஸ்லைடு செருகும் சட்டத்தில் இரண்டு அறைகள் இருக்கும். ஒன்று வெளிச்சத்துக்கு நேராக நிற்கும்போதே, வெளியே இருக்கும் இன்னொன்றில் அடுத்த ஸ்லைடைச் செருகித் தயாராக வைத்துவிட வேண்டும். அப்போதுதான் திரை வெறும் வெள்ளையாக ஆகாமல் சட்டென்று மாறும். மகள் அன்று ராத்திரியே அதைச் செய்தார். ஒரு படம் திரையில் இருக்கும்போதே அடுத்த படத்தை போன் எடுத்து வைத்துக்கொள்ளும்படி ஒரு வரி. சிக்னல் மெதுவாக இருந்தாலும் படம் மாறும்போது திரை காலியாகாது.

நேரத்தை எட்டு நொடி ஆக்கினார். 'நிறுத்து' என்று தமிழிலேயே ஒரு பொத்தானும் வைத்தார்.

அப்பா சொன்னதை உலகமே ஒரு விதியாக எழுதி வைத்திருக்கிறது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, எல்லோரும் பயன்படுத்தக்கூடிய பக்கங்களுக்காக 2008-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இது இருக்கிறது. தானாகத் தொடங்கி, மற்ற விஷயங்களோடு சேர்ந்து 5 நொடிக்கு மேல் அசையும் எதையும், பார்ப்பவர் நிறுத்தவோ மறைக்கவோ வழி இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஸ்லைடுஷோவை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று கணக்குப் பார்த்து, 2013-ல் வெளியிட்டார்கள். பக்கத்துக்கு வந்தவர்களில் சுமார் 1 சதவீதம் பேர்தான் அதைக் கிளிக் செய்திருந்தார்கள். அந்தக் கிளிக்குகளிலும் 84 சதவீதம் முதல் படத்துக்கே. ஐந்தாவது படத்தில் ஒளித்து வைத்த நல்ல விஷயத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. மகள் தன் யூனிட்டின் ஆகச் சிறந்த சரக்கான, பிறந்த குழந்தைக்கான வெள்ளை ஜப்லா செட்டை முதல் படத்துக்கு மாற்றினார்.

வெள்ளை எப்போது மஞ்சளானது?

மாற்றியதை அப்பாவிடம் மறுபடி காட்டினார். இந்த முறை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, 'நிறுத்து' பொத்தானை அழுத்தி, சாவகாசமாகப் பார்த்தார்.

"இந்த மஞ்சக் கலரு நல்லா இருக்குது சாமி. கொழந்தைக்கு எடுப்பா இருக்கும்."

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. போன் வெளிச்சத்தின் கோளாறோ என்று உள்ளே போய் அந்த ஜப்லாவையே எடுத்துவந்து டியூப் லைட்டுக்கு அடியில் பிடித்தார்.

"ஆமா, இதுதான். லேசான மஞ்சள்."

எட்டு வருடம் ஷேடு பார்த்த கண் மகளுடையது. வெள்ளையிலேயே நாலு வெள்ளையைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர். ஒரு கருப்பு லெக்கின்ஸையும் ஒரு நேவி புளூ லெக்கின்ஸையும் எடுத்துவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அப்பாவுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

விசாரித்தபோது மெல்ல வெளியே வந்தது. ஒரு வருடமாகவே கண்ணில் புகை படிந்தது போல இருந்திருக்கிறது. ராத்திரியில் எதிரே வண்டி வந்தால் வெளிச்சம் சிதறிக் கண் கூசியிருக்கிறது. சைக்கிளை விட்டதற்குக் காரணம் முழங்கால் வலி என்று வீட்டில் சொல்லியிருந்தார். உண்மையில் கண்தான்.

"ஏனுங்கப்பா சொல்லல?"

"மெஷின் கடன் ஓடிட்டு இருக்குதல்லோ. அதுல இது எதுக்குன்னு இருந்துட்டேன்."

இந்த வயதில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கி, மஞ்சள் ஏறிப்போவது கண்புரையின் வழக்கமான வேலை. கண்ணுக்கு முன்னால் பழுப்புக் கண்ணாடியை வைத்தது போல உலகம் தெரியும். மெதுவாக வருவதால் சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது. அவருக்கு உலகம்தான் மங்கிவிட்டது போலத் தோன்றும். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டே காலத்தை ஓட்டுபவர்கள் பலர். அறுவை சிகிச்சை செய்து, மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பதுதான் தீர்வு.

அந்த வாரமே உடுமலைக்குக் கூட்டிப் போனார். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து மற்றது என்று முடிவானது. பொங்கலுக்கு வாங்க நினைத்திருந்த ஏழாவது மெஷின் தள்ளிப்போனது.

முதல் கண்ணின் கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, அப்பா கொடியில் காய்ந்த துணிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் செய்த கண்ணை மூடி மற்றக் கண்ணால் பார்ப்பார். பிறகு அதை மூடி இதால் பார்ப்பார். பேத்தி கேட்டாள், "அப்புச்சி, என்ன வெளையாட்டு இது?"

"இந்தக் கண்ணுல துணி தொவைச்சிருக்குது கண்ணு. அந்தக் கண்ணுல தொவைக்கவே இல்ல."

படத்துக்குப் பின்னால் ஒரு வரி

அதன் பிறகு மகள் அந்தப் பக்கத்தில் ஒரு வேலையை உட்கார்ந்து செய்தார். ஒவ்வொரு படத்தோடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியை எழுதி வைக்க முடியும். பார்வையில்லாதவர்களின் போன் அதைச் சத்தமாகப் படித்துச் சொல்லும். படம் திறக்காத இடத்தில் அந்த வரி எழுத்தாக வரும். அவசரத்தில் அதை வெறும் 'படம் 1', 'படம் 2' என்று விட்டிருந்தார். இப்போது 'வெள்ளை நிற ஜப்லா, முன்பக்கம் கயிறு முடிச்சு, பிறந்த குழந்தை முதல் மூன்று மாதம் வரை' என்று ஐந்து படத்துக்கும் எழுதினார். நிறத்தின் பெயரைப் படத்துக்குக் கீழேயும் பெரிய எழுத்தில் போட்டார். நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள் என்று நம்புவதை விட்டுவிட்டார்.

கடைசியில், தானாக ஓடும் கடிகாரத்தையே எடுத்துவிட்டார். அந்தக் கடிகாரத்தை எழுதத்தான் அத்தனை ராத்திரி விழித்தது. ஆனாலும் இப்போது பக்கம் திறந்தால் முதல் படம் அப்படியே நிற்கும். அடுத்தது வேண்டுமென்றால் விரலால் அழுத்தலாம். விருப்பமுள்ளவர் 'ஓட்டு' என்பதை அழுத்தினால் ஓடும், 'நிறுத்து' என்றால் நிற்கும். பெருவிரல் பதியும் அளவுக்குப் பெரிய பொத்தான்கள்.

ஆர்டர் வந்ததா என்று கேட்பீர்கள். லிங்க் அனுப்பிய கடைகளில் ஒன்று வெள்ளை ஜப்லா செட்டில் சின்ன ஆர்டர் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. ஜாப் ஒர்க் நின்றுவிடவில்லை, அதுவும் நடக்கிறது. கடன் இன்னும் இருக்கிறது.

ஓவர்லாக்கில் உட்காரும் அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இருபது வருடமாகத் தைக்கிறார். தைத்த துணி பெட்டியில் ஏறிப் போகுமே தவிர, அது எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று அவர் கண்டதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மகளின் போனை வாங்கி, 'ஓட்டு' பொத்தானை அழுத்தினார். மூன்றாவதாக அவர் தைத்த பாப்பா பிராக் வந்தது.

"நி... று... த்... து" என்று படித்து, விரலை வைத்தார். படம் நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டார்.